தேர்வுக் குழுவினரே, கொஞ்சம் சிரிக்கவும் விடுங்கள்

நம் ஊர்களில் திரைப்படச் சங்கங்கள் நடத்தும் நண்பர்களுக்கு, குறிப்பாக எந்தப் படம் போடலாம் என்று முடிவெடுக்கும் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் திரையிடல்களுக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, கலந்துரையாடலில் வாய் திறக்காமல் எழுந்து போகிறவர்களில் நானும் ஒருவன். பெர்க்மனையும் குரோசாவாவையும் ஈரானியப் படங்களையும் உங்கள் தயவில்தான் பெரிய திரையில் பார்த்தேன். அந்த நன்றி மனசில் இருக்கிறது. அதனால்தான் உரிமையோடு இதை எழுதுகிறேன்.

பழைய ஹாலிவுட் என்றால் உங்கள் பட்டியலில் ஹிட்ச்காக் வருவார், ஆர்சன் வெல்ஸ் வருவார், நிழலும் துப்பாக்கியுமாக சில குற்றப் படங்கள் வரும். சிரிப்புக்கு சாப்ளின். அத்தோடு கடை மூடிவிடுகிறது. 1930களிலும் 40களிலும் அங்கே வந்த காதல் நகைச்சுவைப் படங்களை நீங்கள் தொடுவதே இல்லை. ஒரு சங்கத்தில் கேட்டபோது, “அதெல்லாம் டைம்பாஸ் சார், வீட்டிலேயே பார்த்துக்கலாமே” என்று பதில் வந்தது. எனக்கு அப்போது சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்: வீட்டில் தனியாகப் பார்க்கக் கூடாத படங்கள் இருக்குமானால், அவை இவைதான்.

ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் படத்தை ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்க்கலாம், ஒன்றும் குறையாது. ஆனால் இந்தப் படங்கள் நிரம்பிய அரங்கத்தை நம்பி எடுக்கப்பட்டவை. வெளியாகும் முன்பே முன்னோட்டக் காட்சி போட்டு, மக்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சும்மா இருக்கிறார்கள் என்று கவனித்துப் படத்தை மறுபடி வெட்டி ஒட்டுவது அன்றைய ஸ்டுடியோக்களின் வழக்கம். ஒரு நடிகர் ஜோக்கைச் சொல்லிவிட்டு ஒரு கணம் சும்மா நின்றால், அது நம் சிரிப்புக்காக விட்ட இடம். அறையில் தனியாக இருப்பவருக்கு அந்த இடம் வெறும் தொய்வாகத் தெரியும். ‘மெதுவாகப் போகிறது’ என்று நிறுத்திவிடுவார். பழி படத்தின் மேல் விழும்.

1937இல் வந்த ‘தி ஆஃபுல் ட்ரூத்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கிய லியோ மெக்கேரி, லாரல்-ஹார்டி குறும்படங்களில் தேர்ந்த கை. முழு வசனமும் கையில் இல்லாமல் செட்டுக்கு வந்து, பியானோ முன்னால் உட்கார்ந்து யோசித்து, அன்றைக்கு என்ன எடுப்பது என்று அங்கேயே முடிவு செய்வார். நாயகன் கேரி கிராண்ட் மிரண்டுபோய், இந்தப் படத்திலிருந்து என்னை விட்டுவிடுங்கள் என்று ஸ்டுடியோ முதலாளியிடம் கெஞ்சியிருக்கிறார். நல்லவேளை, விடவில்லை. நாம் அறிந்த கேரி கிராண்ட் பிறந்தது அந்தப் படத்தில்தான். மெக்கேரிக்கு அதற்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கரும் கிடைத்தது. இன்னொரு சங்கதி: அதில் நாயகியாக வரும் ஐரீன் டன், கேரி கிராண்ட்டைவிட ஐந்து வயது மூத்தவர். படத்தில் யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கதை இதுதான்: விவாகரத்து கேட்டு நீதிமன்றம் போன தம்பதி, தீர்ப்பு நடைமுறைக்கு வரும் நாளுக்குள் ஒருவர் வாழ்க்கையை மற்றவர் குட்டிச்சுவர் ஆக்குகிறார்கள். கடைசி இரவில், ஒரு மலை வீட்டில், அடுத்தடுத்த இரண்டு அறைகள். நடுவிலிருக்கும் கதவு சரியாகத் தாழ் போடாது. காற்று அடித்தால் திறந்துகொள்ளும். சுவரில் ஒரு கடிகாரம். மணி அடிக்கும்போது ஒரு ஆண் பொம்மையும் ஒரு பெண் பொம்மையும் தனித்தனி வாசல் வழியாக வெளியே வந்து, தனித்தனி வாசல் வழியாகவே உள்ளே போகும். நள்ளிரவு அடிக்கிறது. ஆண் பொம்மை தன் வாசலை விட்டுவிட்டு, அவள் வாசலுக்குள் அவள் பின்னாலேயே போய்விடுகிறது. படம் முடிந்தது. இந்த இடத்தில் அரங்கமே சேர்ந்து சிரித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பொம்மையை வைத்துச் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதும் உங்கள் கலந்துரையாடலுக்குத் தீனி போடும். 1934 நடுவிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கெடுபிடியாக அமலுக்கு வந்தன. கணவன் மனைவிக்கே தனித்தனிக் கட்டில்தான். அந்த நெருக்கடியால்தான் இவர்களுக்கு மூளை வேலை செய்தது என்று சிலர் தணிக்கையைப் புகழ்வதுண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1932இல் எடுத்த ‘ட்ரபிள் இன் பாரடைஸ்’ படத்தைப் பாருங்கள். திருடனும் திருடியும் வெனிஸில் பெரிய மனிதர்கள் வேஷத்தில் இரவு விருந்து சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டின் நடுவே, அவள் தன்னிடமிருந்து உருவிய பர்ஸை அவளை உலுக்கி அவன் மீட்கிறான். அப்புறம் ஒருவரிடமிருந்து ஒருவர் உருவியதை இருவருமே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்கள். இதற்குள் இருவருக்கும் காதல் வந்துவிடுகிறது. விதிகள் கெடுபிடியாவதற்கு முந்தைய படம். எந்த நெருக்கடியும் இல்லாமலேயே லூபிட்ச்சுக்கு மூளை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. கெடுபிடி வந்தபின் அதை மறுபடி வெளியிட அனுமதிக்கவில்லை. பல பத்தாண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது.

அதே லூபிட்ச்சின் ‘தி ஷாப் அரவுண்ட் த கார்னர்’, 1940. சங்கத்தில் முதலில் இதைத்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. காதல் நகைச்சுவை என்றால் பணக்காரர்களின் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. புடாபெஸ்ட்டில் ஒரு தோல் பொருள் கடை. லூபிட்ச்சின் அப்பா பெர்லினில் தையல் தொழில் நடத்தியவர். மகனும் அங்கே வேலை பார்த்தவர்தான். முதலாளி, சீனியர் குமாஸ்தா, எடுபிடிப் பையன் இவர்களுக்குள் இருக்கும் பயமும் மரியாதையும் குழைவும் அவருக்கு அத்துப்படி.

வயதான குமாஸ்தா பிரோவிச்சைக் கவனியுங்கள். முதலாளி யாரிடமாவது ‘உன் உண்மையான கருத்தைச் சொல்’ என்று ஆரம்பித்தாலே, மனிதர் மாடிப்படியேறி ஓடிவிடுவார். குடும்பஸ்தர். கருத்து சொல்லி வேலை போனால் யார் சோறு போடுவது? சிரிக்கிறோம், பிறகு தொண்டையில் என்னவோ அடைக்கிறது. நாயகி கிளாரா வேலை கேட்டு வருகிறாள். காலி இல்லை என்கிறார்கள். திறந்தால் பாட்டுப் பாடும் சிகரெட் பெட்டி ஒன்று கடையில் இருக்கிறது; அதை வாங்கிப் போடலாமா என்று முதலாளிக்கும் சீனியர் குமாஸ்தா கிராலிக்குக்கும் தகராறு. விற்காது என்பது கிராலிக்கின் வாதம். கிளாரா அதைக் கையில் எடுக்கிறாள். கடைக்கு வந்த பருத்த அம்மாவிடம், இது மிட்டாய்ப் பெட்டி, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாட்டுப் பாடி, ‘போதும்’ என்று உங்களுக்கு ஞாபகப்படுத்தும் என்று சொல்லி விற்றேவிடுகிறாள். வேலை கிடைத்துவிட்டது. கிராலிக்கின் பகையும் கூடவே கிடைத்துவிட்டது.

கடைக்குள் கீரியும் பாம்புமாக இருக்கும் இந்த இருவரும், பெயர் தெரியாமல் கடிதத்தில் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். உண்மை அவனுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது, அவளுக்குத் தெரியாது. கடிதம் நின்றுபோகிறது. அப்போது வரும் ஒரு காட்சி ஒரு நிமிடம்கூட இருக்காது. தபால் நிலையத்தின் பெட்டிகளை உட்புறத்திலிருந்து காட்டுகிறார் லூபிட்ச். ஒரு பெட்டிக்குள் கையுறை போட்ட கை நுழைந்து துழாவுகிறது. ஒன்றுமில்லை. கை போனதும், அந்தச் சின்னச் சதுரத்தில் கிளாராவாக நடிக்கும் மார்கரெட் சல்லவனின் முகம் குனிந்து எட்டிப் பார்க்கிறது. வசனம் கிடையாது. நடிப்புப் பயிற்சி வகுப்பே நடத்தலாம் அதை வைத்து. படத்தின் நடுவே ஒரு தற்கொலை முயற்சியும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அதையும் தாங்கிக்கொண்டு நகைச்சுவையாகவே நிற்கும் படம் இது.

பசியும் வேலையின்மையும் இந்தப் படங்களின் கரையோரம் எப்போதும் நிற்கும். ஃப்ராங்க் காப்ராவின் ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’, 1934. அந்த ஆண்டின் முக்கியமான ஐந்து ஆஸ்கர்களையும் அள்ளியது. 1956இல் ஏவி.எம். இந்தியில் எடுத்த ‘சோரி சோரி’க்கு மூலம் இதுதான், நம்மில் பலருக்குக் கதை தெரியும். இரு கட்டில்களுக்கு நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுவதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது பேருந்துக் காட்சி. பயணிகள் எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டு வருகிறார்கள், கொண்டாட்டமாக இருக்கிறது. திடீரென்று ஒரு சிறுவனின் அழுகை. சாப்பிடாததால் அவன் அம்மா மயங்கி விழுந்துவிட்டாள். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்களுக்கு அது யார் கதை என்று சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது.

இவை எல்லாம் மாசு மருவற்ற படங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’யில் அப்பா தன் கள்ள உறவுக்குப் பெரிய மகளின் அன்புக் குறைவே காரணம் என்று அவளிடமே சொல்கிறார், படமும் அவர் பக்கம் தலையாட்டுகிறது. அசிங்கம். ‘வுமன் ஆஃப் த இயர்’ உலக அரசியல் எழுதும் பத்திரிகையாளரைக் கடைசியில் சமையலறையில் தடுமாறவிட்டுச் சிரிக்கிறது. கறுப்பின நடிகர்களுக்கு ரயில் சிப்பந்தி, வீட்டு வேலைக்காரர் தவிர வேறு வேடம் அநேகமாகக் கிடையாது. ‘தி பாம் பீச் ஸ்டோரி’யில் குடித்துவிட்டு ரயிலில் துப்பாக்கியால் சுடும் கும்பலின் நடுவே மாட்டிக்கொள்ளும் கறுப்பினப் பணியாளரைப் பார்த்து இன்று சிரிப்பு வராது. இதையெல்லாம் மறைக்காமல் போட்டுவிட்டு, பிறகு பேசுங்கள். உங்களுக்குப் பேசக் கற்றுத்தர வேண்டுமா என்ன?

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இந்தப் படங்கள் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தைச் சுற்றித்தான். ‘ட்ரபிள் இன் பாரடைஸ்’ 83 நிமிடம். அறிமுக உரையைக் கொஞ்சம் சுருக்கினால் எல்லோரும் கடைசிப் பேருந்தைப் பிடித்துவிடலாம். ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யை முதல் மாதமே போடாதீர்கள். ஹவர்ட் ஹாக்ஸ் அதில் ஒருவர் பேசி முடிக்கும் முன்பே அடுத்தவரைப் பேச வைக்கிறார். கேரி கிராண்ட்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் போடும் வேகத்துக்குப் பழக்கமில்லாத கண், சப்டைட்டிலிலேயே மாட்டிக்கொண்டு முகங்களைத் தவறவிட்டுவிடும். மூன்றாவது, நான்காவது மாதத்துக்கு வையுங்கள். அமெரிக்காவில் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் இணையம் முழுக்க மங்கலான பிரதிகள் கிடக்கின்றன. அதில் ஒன்றைத் தரவிறக்கிப் போட்டுவிடாதீர்கள். மீட்டெடுத்த நல்ல பிரதி இருக்கிறது. ‘மை மேன் காட்ஃப்ரே’வுக்கும் இதே கதைதான்.

தொடங்க ‘ஷாப் அரவுண்ட் த கார்னர்’, இரண்டாவதாக ‘தி ஆஃபுல் ட்ரூத்’, அடுத்து ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸின் ‘தி லேடி ஈவ்’. கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் பார்பரா ஸ்டான்விக் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் பணக்கார ஹென்றி ஃபோண்டாவை வளைக்க மற்ற பெண்கள் படும் பாட்டையெல்லாம் நேர்முக வர்ணனையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் ஃபோண்டா கடந்து போகும்போது காலை நீட்டித் தடுக்கி விழவைத்துவிடுவார். அதற்கு அரங்கம் சிரிக்கவில்லை என்றால் மீதிப் படங்களை நீங்கள் போடவே வேண்டாம்.

தமிழ் சப்டைட்டில் போட ஆள் இல்லை என்றால் நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம். பேச்சை அப்படியே கொட்டாமல், வரிக்கு ஐந்தாறு சொல்லில் சுருக்கி, ஜோக் திரையில் விழும் அதே நொடியில் வரியும் விழும்படி செய்ய வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு மாதம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கடைசி வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர்