இரண்டு காந்தாரங்களுக்கு நடுவில்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ கிட்டாரில் வாசித்து அனுப்பிய ப்ளூஸ் பதிவை மூன்று முறை கேட்டேன். விரல் சுத்தமாக இருக்கிறது, தாளமும் நழுவவில்லை. காந்தாரம், அதாவது ‘க’, வரும் இடங்களில் மட்டும் என் காதுக்கு நிறைவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது கம்பியின் ஐந்தாவது மெட்டில் விரலை வைத்து, தாழ்ந்த ‘க’வான சாதாரண காந்தாரத்தை அப்படியே நிறுத்திவிடுகிறாய். ப்ளூ நோட் என்பது அந்தச் சுரம் அன்று. அதற்கும் அரைச்சுரம் மேலே உள்ள அந்தர காந்தாரத்திற்கும் இடையே, மெட்டும் கட்டையும் இல்லாத இடத்தில் குரல் தொட்டுப் போகும் ஒலி அது. பியானோவில் ஷட்ஜத்திலிருந்து 300 சென்ட்டில் ஒரு கட்டையும் 400 சென்ட்டில் ஒரு கட்டையும் இருக்கின்றன (நூறு சென்ட் ஓர் அரைச்சுரம்), நடுவில் எதுவும் இல்லை. அதனால்தான் பியானோ வாசிப்பவர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சேர்த்து அழுத்துகிறார்கள்.

நேற்று மாலை பிள்ளைகள் வகுப்பு முடிந்து போன பிறகு, சுருதிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு வயலினில் அந்த இடைச்சுரத்தை வாசித்துப் பார்த்தேன். சுரத்தை அசைத்து வாசிக்கும் நம் கமகம்போல் இனிமையாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு உன் தங்கையைக் கீபோர்டில் அந்தர காந்தாரமும் தாழ்ந்த ‘நி’யான கைசிகி நிஷாதமும் சேர்ந்த ஷட்ஜக் கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டை) அழுத்தச் சொன்னேன். அடியில் அந்தர காந்தாரம் ஒலித்துக்கொண்டிருக்க, என் சுரம் அதைவிடச் சற்றுத் தாழ்ந்து அதன்மேல் உரசியபோது, வில்லை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாட்டை ராகத்தில், சாதாரண காந்தாரத்தின் அதே இடத்தில் ஒலிக்கும் ஷட்சுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரே நேரத்தில் இப்படி மோதவிடுவது நம் வழக்கமில்லை.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைப்பட்டு உழைத்த ஆப்பிரிக்க மக்களும் அவர்கள் வழிவந்தவர்களும் வயல்களிலும் தேவாலயங்களிலும் பாடிய குரல், ஐரோப்பியக் கார்டுகளோடு சேர்ந்த இடத்தில் எழுந்த உரசல் இது. இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி 1914-இல் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாடலை அச்சிட்டபோது, காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அரைச்சுரம் இறக்கி எழுதினார். தாளில் அதற்குமேல் எழுத வழியில்லை. அதையே 1925-இல் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பாட, லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் என்ற ஊதுகருவியை வாசித்திருக்கிறார். அந்தப் பதிவைக் கேள். தோட்டத்தில் உன் கொள்ளுப்பாட்டி பாடிய ஒப்பாரியும் இப்படித்தான். சிறுவயதில் ஆர்மோனியத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், எந்தக் கட்டையிலும் அது அகப்படவில்லை.

இன்னொன்றையும் கவனி. கார்டு மத்யமத்தை (‘ம’) அடியாகக் கொண்டதாக மாறும்போது, சாதாரண காந்தாரம் அந்தக் கார்டுக்கே சொந்தமான சுரமாகிவிடுகிறது. அங்கே இழுக்காமல் நேராக வை. ஷட்ஜக் கார்டுக்குத் திரும்பியதும் கம்பியை மயிரிழை மேலே இழுத்து, அந்தர காந்தாரத்தை எட்டுமுன் விட்டுவிடு. எல்லாக் காந்தாரத்தையும் இழுக்காதே, ராசா. வரிக்கு ஒன்று போதும்.

அடுத்த முறை அந்த வரியைக் கிட்டாரில் வாசிக்குமுன், வாயால் பாடி அனுப்பு.

அன்புடன்,
அம்மா