குழாயில் இறங்கும் முன்பே தப்பிவிடும் அழற்சி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேய்மானத்தில் (ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்) அழற்சியை அளக்க எந்தெந்தக் குறியீடுகளை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். பட்டியல் தருவது சுலபம். ஆனால் எண்கள் பிழைப்பது பெரும்பாலும் மாதிரியைக் கையாளும் விதத்தில்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூட்டுநீரை உறிஞ்சியதும் ஒரு துளியை சிரிஞ்சின் நுனியிலிருந்து விட்டுப் பார். அறுபடாமல் சில செ.மீ. நூலாக இறங்கினால், நீருக்குப் பிசுபிசுப்பைத் தரும் ஹயலுரோனிக் அமிலம் பெரிதாகச் சிதையவில்லை. தண்ணீர் போலச் சொட்டினால் உள்ளே அழற்சி பலம். தேய்மான மூட்டின் நீர் வெளிர் மஞ்சளாக, பின்னால் பிடித்த அச்செழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். வெள்ளையணு மைக்ரோ லிட்டருக்கு 2,000-க்குக் கீழேதான் நிற்கும். அதைத் தாண்டினால் யூரிக் அமிலப் படிகமோ, கால்சியம் படிகமோ, முடக்குவாதமோ என்று யோசி. 50,000-ஐத் தாண்டினால் கிருமித்தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை தொற்றென்றே நடத்து. குறைவாக இருப்பதால் மட்டும் தொற்று இல்லை என்றும் ஆகிவிடாது.

அணுக்களை எண்ணும்போது ரத்தத்துக்குப் பயன்படுத்தும் அசிட்டிக் அமிலக் கரைசலை ஊற்றிவிடாதே. மூட்டுநீர் திரிந்து கட்டியாகும், அணுக்கள் அதற்குள் சிக்கும், எண்ணிக்கை பொய்யாகக் குறையும். சாதாரண சலைன் (உப்புநீர்) போதும். ரத்தம் கலந்திருந்தால் 0.3% உப்புக் கரைசல்: சிவப்பணு உடையும், வெள்ளையணு நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் எண்ணிவிடு, தாமதித்தால் வெள்ளையணுக்களும் உடையத் தொடங்கும். உறைவுத் தடுப்பிகளில் தூள் ஈ.டி.டி.ஏ., லித்தியம் ஹெப்பாரின் போட்ட குழாய்கள் வேண்டாம். அவை தாமே படிகங்களை உண்டாக்கி, இல்லாத கௌட்டை (யூரிக் அமிலப் படிக மூட்டுநோய்) காட்டும். சோடியம் ஹெப்பாரின் நல்லது.

இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா என்று அழற்சியைத் தூண்டும் புரதங்களை எல்லாம் அளக்க ஆசைப்படுகிறாய். இன்டர்லூக்கின்-1 பீட்டா தேய்மான மூட்டில் பல நேரம் சோதனைக் கிட் கண்டறியக்கூடிய எல்லைக்குக் கீழேயே கிடக்கும், இன்டர்லூக்கின்-6 பரவாயில்லை. இங்கே எதிரி பிசுபிசுப்புதான். பிப்பெட் கேட்ட அளவை உறிஞ்சாது, புரதத்தை அளக்கும் எலைசா சோதனைத் தட்டிலும் நீர் ஒட்டிக்கொள்ளும். மையவிலக்கில் சுற்றி அணுக்களை நீக்கு, ஹயலுரோனிக் அமிலத்தை உடைக்கும் ஹயலுரோனிடேஸ் நொதியைச் சேர்த்து இளக்கு, பிறகு நீர்க்கச் செய். தெரிந்த அளவு தரநிலைப் புரதத்தை மாதிரியில் கலந்து திரும்ப அள. கலந்த அளவில் 80 முதல் 120 சதவீதத்துக்குள் கிடைக்காவிட்டால் அந்தத் தட்டை நம்பாதே. மிச்சத்தைச் சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வை; உருக்கி உறைய வைப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யாதே. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் உதிர்க்கும் சி.டி.14, சி.டி.163 புரதங்கள் இரண்டையும் சேர்த்துக்கொள். மூட்டின் உட்சவ்வு எப்படி இருக்கிறது என்று சொல்வதில் எனக்கு அவற்றின் மேல்தான் நம்பிக்கை.

ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தைப் பார்க்கிறவர்கள் உடல் எடையை மறந்துவிடுகிறார்கள். கொழுப்புத்திசு தரும் இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி அதை ஏற்றிவிடும், முழங்காலின் பங்கு அதில் சொற்பம். காம்ப் (COMP) என்ற குருத்தெலும்புப் புரதமோ, நோயாளி நடந்தாலே ரத்தத்தில் ஏறும். அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு ரத்தம் எடு. ஹயலுரோனிக் அமிலமோ காலையில் எழுந்து நடமாடியதும் உயரும், சாப்பிட்டாலும் உயரும். குருத்தெலும்புக் கொலாஜனின் சிதைவுத் துண்டான சி.டி.எக்ஸ்.-2-ஐக் காலையின் இரண்டாவது சிறுநீரில் அளந்து, சிறுநீரின் அடர்த்தியைச் சரிக்கட்டக் கிரியேட்டினினால் வகு. ஆனால் அது குருத்தெலும்புச் சிதைவின் கணக்கு, அழற்சியின் கணக்கல்ல. முதுகுத் தட்டுகளிலிருந்தும் மற்ற மூட்டுகளிலிருந்தும் வருவதால் எந்த முழங்கால் என்றும் சொல்லாது. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமெரிக்க நீண்டகால முழங்கால் ஆய்வின் தரவிலிருந்து 600 பேரை எடுத்து அலசிய ஆய்வில் நல்ல மதிப்பெண் பெற்றவற்றுள் அதுவும் ஒன்று. அதன் முன்கணிப்புகூடச் சுமார் ரகம்தான்.

கடைசியாக ஒன்று, உன் திட்டத்தில் இது இல்லை. பல முழங்கால்களில் ஊசி போட்டால் நீரே வராது. அப்போது 10 மி.லி. சலைன் செலுத்தி, முழங்காலைப் பத்து முறை மடக்கி நீட்டச் சொல்லி, மறுபடி உறிஞ்சு. எவ்வளவு நீர்த்தது என்று தெரிய, அதே வேளையில் ரத்தமும் எடுத்து இரண்டிலும் யூரியா பார். யூரியா ரத்தத்திலும் மூட்டுநீரிலும் ஒரே அளவில் இருக்கும் என்பதால், ரத்த யூரியாவைக் கழுவுநீர் யூரியாவால் வகுத்தால் கிடைப்பதுதான் திருத்தப் பெருக்கி. உறிஞ்ச நீர் கிடைத்த நோயாளிகளையும் கழுவி எடுத்தவர்களையும் ஒரே அட்டவணையில் போடப் போகிறாயா, தனித்தனியாகவா? முடிவு செய்துவிட்டு எழுது.

அன்புடன்,
முத்து