மெக்ரோரி இல்லாத டீம்

கிளாஸ்கோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். நான் சுகம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகமென்று நேற்று போனில் தெரிந்துகொண்டேன். நீ கடலுக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறதாம். போட் கரை பிடிப்பதற்குள் இந்தக் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய். இதையென்றால் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

போகிற அவசரத்தில் ஒன்று கேட்டுவிட்டுப் போனாயே. நம்ம கால்பந்து கிளப்பின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு எல்லாக் காலத்துக்குமான பதினொரு பேரை எடுக்கவேண்டும், கமிட்டியில் அடிபிடி, நீ என்ன சொல்கிறாய் என்று. அதற்குக் கடைசியில் வருகிறேன். நானும் மூன்று மாதமாக இங்கே அதே வேலையில்தான் இருக்கிறேன்.

இங்கே இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மழை நம்ம ஊர் மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை, நாள் முழுக்க முகத்தில் தூவிக்கொண்டே நிற்கிறது. முதியோர் இல்லத்தில் எனக்கு இரவு டியூட்டி. முதல் வாரம் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தர் பேரைக்கூடக் கேட்கவில்லை, "எந்த டீம்?" என்றுதான் கேட்டார். நான் 'கெல்ட்டிக்' என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் தெரிந்துகொண்டேன், 'செல்டிக்' என்று சொல்லவேண்டும்.

அந்த கிளப்பின் கதையைக் கேட்டால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற புனித மரியாள் பங்கின் மண்டபம் ஒன்றில்தான் 1887 நவம்பரில் அதைத் தொடங்கியிருக்கிறார்கள். தொடங்கியவர் சகோதரர் வால்ஃப்ரிட் என்ற அயர்லாந்துத் துறவி. பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து வந்து இந்தக் கிழக்குப் பகுதியில் குடியேறிய ஏழைகளின் பிள்ளைகளுக்குச் சோறு போடக் காசு வேண்டும், அதற்குப் பந்தாட்டம். முதல் ஆட்டம் 1888 மே மாதம், இதே ஊரின் இன்னொரு கிளப்பான ரேஞ்சர்ஸோடு. 5-2 என்று ஜெயித்தார்கள். அன்றைக்குப் பிடித்த போட்டி இன்றைக்கும் விடவில்லை. கோயில், கடன், பசி, பந்து: நம்ம கிளப் தொடங்கிய கதைக்கும் இதற்கும் ஊர்ப் பெயர்தான் வித்தியாசம்.

என் வார்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். கால் சரியில்லை, நாக்கு நன்றாகவே இருக்கிறது. தூக்கம் வராது. ராத்திரி இரண்டு மணிக்கு மணியை அடிப்பார். என்னவோ ஏதோ என்று ஓடினால், சாப்பாட்டு மெனு அச்சடித்த தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலை நீட்டி, "சரி, கோலி யார்?" என்பார். கோலி என்றால் கோல் காப்பவர். செல்டிக்கின் எல்லாக் காலத்துக்குமான பதினொரு பேர். ஒவ்வொரு ராத்திரியும் புதுத் தாள். காலையில் கிச்சன்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

பெரியவருக்கு கோலியில் சந்தேகமே கிடையாது. ரோனி சிம்ப்சன். 1967 மே 25, லிஸ்பன். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே இன்டர் மிலான். பெரியவரும் மூன்று சிநேகிதர்களும் ஒரு பழைய காரில் கிளாஸ்கோவிலிருந்து லிஸ்பன்வரை ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆட்டத்தில் ஏழாவது நிமிடமே செல்டிக்காரர்கள் பெனால்டியில் ஒரு கோல் வாங்கினார்கள். அப்புறம் கெம்மெல் ஒன்று, முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது சால்மர்ஸ் ஒன்று, 2-1. பிரிட்டனிலிருந்து அந்தக் கோப்பையை முதலில் வாங்கிய கிளப் இதுதான். அன்றைக்கு ஆடிய பதினொரு பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். நீ கணக்குப் போட்டுப் பார், நம்ம கடற்கரையில் முப்பது மைலுக்குள் எத்தனை டீம் எடுக்கலாம்!

சிம்ப்சனுக்கு அப்போது வயது 36. டீமில் பலருக்குப் பொய்ப்பல். ஆடும்போது கழற்றி சிம்ப்சனின் தொப்பிக்குள் போட்டுவைப்பார்கள், தொப்பி கோல் வலைக்குள் கிடக்கும். விசில் ஊதியதும் ஜனம் மைதானத்துக்குள் பாய்கிறது, இவர்கள் பல்லைத் தேடி கோல் போஸ்டைப் பார்த்து ஓடுகிறார்கள். கோப்பையோடு போட்டோவில் பல் இல்லாமல் நிற்கமுடியுமா? பெரியவர் இதைச் சொல்லும்போது தன் பல்செட் ஊறுகிற டம்ளரை எடுத்து ஆட்டிக் காட்டுவார்.

நான் ஜான் தாம்சன் என்று எழுதினேன். அவரும் கோலிதான், சுரங்கக்காரர் ஊரிலிருந்து வந்த பையன். 1931 செப்டம்பரில் ரேஞ்சர்ஸோடு ஆடும்போது எதிரியின் காலடியில் பந்துக்காகப் பாய்ந்தார், தலையில் முழங்கால் பட்டது, அன்று ராத்திரியே இறந்துபோனார். வயது 22. அடக்கத்துக்கு கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது மைலுக்கு மேல் நடந்தே போனவர்கள் உண்டு. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேரை அடிக்காமல், பக்கத்தில் சிம்ப்சன் பேரையும் எழுதிவைத்தார். இரண்டு கோலி!

ரைட் விங்கில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. ஜிம்மி ஜான்ஸ்டன். செம்பட்டைத் தலை, குள்ளம், பந்தை வாங்கினால் மூன்று பேரைத் தாண்டாமல் கொடுக்கமாட்டார். தாண்டியவனையே திரும்பி வந்து இன்னொரு தரம் தாண்டுவாராம். விமானம் என்றால் அவருக்கு உயிர் போகும். 1968இல் யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் பெல்கிரேடோடு இங்கே ஆட்டம், இடைவேளையில் 1-1. கோச் ஜாக் ஸ்டீன் அவரைக் கூப்பிட்டு, "நாலு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் அவர்கள் ஊருக்குத் திரும்ப ஆடப்போகும்போது நீ பிளேன் ஏறவேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஆட்டம் 5-1. இரண்டு கோல் அவருடையது. ஸ்டீனும் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்தான், யாரை எங்கே தட்டினால் ஓடுவான் என்று தெரியும்.

அதே ஜான்ஸ்டன் 1974இல், ஸ்காட்லாந்து டீமோடு லார்க்ஸ் என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தபோது, விடியற்காலை ஒரு சின்னப் படகில் ஏறிக் கடலுக்குள் ஒழுகிப்போய்விட்டார். கரைக்குத் திரும்பவும் தெரியவில்லை. ஆள் போய் மீட்டுக்கொண்டு வந்தார்கள். சில நாளில் இங்கிலாந்தை 2-0 என்று ஜெயித்தார்கள். நீ இருந்திருந்தால் அந்தப் படகை எப்படித் திருப்பியிருக்கவேண்டும் என்று ஒரு மணிநேரம் பேசியிருப்பாய்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். 2002இல் ரசிகர்களே ஓட்டுப் போட்டு ஒரு டீம் எடுத்தார்கள். சிம்ப்சன், மெக்ரெய்ன், கெம்மெல், மர்டாக், கேப்டன் மெக்நீல், ஆல்ட், ஜான்ஸ்டன், மெக்ஸ்டே, டால்கிலிஷ், லார்சன், லெனாக்ஸ். எண்ணிப் பார், பதினொன்றில் ஏழு பேர் லிஸ்பனில் ஆடியவர்கள். மற்ற நாலு பேரும் அதற்குப் பிறகு வந்தவர்கள். அதற்கு முன்னால் எண்பது வருஷம் பந்தே ஆடாத மாதிரி!

ஜிம்மி மெக்ரோரி என்று ஒருத்தர். 445 ஆட்டத்தில் 468 கோல். ஆட்டத்தைவிட கோல் அதிகம், அண்ணே. 1928 ஜனவரியில் டன்ஃபெர்ம்லினோடு ஒரே ஆட்டத்தில் எட்டு. அதே வருஷம் லூர்து மாதாவுக்குத் திருயாத்திரை போகிற வழியில், லண்டனில் ஆர்சனல் கிளப்காரர்கள் பெரிய பணத்தோடு காத்திருந்து மடக்கினார்கள். மாட்டேன் என்றுவிட்டார். (அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டு. லூர்து மாதா என்றதும் அம்மாவும் இவர் கட்சிக்கு வந்துவிடுவாள்.) விற்றுக் காசு பார்க்க நினைத்த கிளப்போ, போகாததற்காக மற்றவர்களைவிடக் குறைத்தே சம்பளம் கொடுத்ததாம். அப்படிப்பட்ட ஆளுக்கு அந்தப் பதினொன்றில் இடமில்லை. காரணம் லேசானது. ஓட்டுப் போட்டவர்களில் அவர் ஆடியதைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பெரியவரும் பார்த்ததில்லை. "என் அப்பா பார்த்திருக்கிறார், தலையால் முட்டினால் மற்றவன் காலால் அடித்த வேகம் இருக்குமாம்" என்றார். அப்படியானால் எழுதுங்கள் என்றேன். அவருக்காக யாரை நீக்குவது? டால்கிலிஷை நீக்கச் சொன்னேன். அவர் 1977இல் லிவர்பூலுக்குப் போனவர்தானே. பெரியவர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். மறுநாள் ராத்திரி அவரே அழித்துவிட்டு மெக்ரோரி என்று எழுதிக்கொடுத்தார். லார்சனைத் தொட விடவில்லை. 242 கோல் அடித்தவர், கால் இரண்டாக ஒடிந்தும் திரும்பி வந்து அடித்தவர். அதில் எனக்கும் மறுப்பில்லை.

பெஞ்சில் நான் ஒரு பெயர் கேட்டேன், முகமது சலீம். கல்கத்தாக்காரர். 1936இல் இங்கே வந்து, பூட்ஸ் இல்லாமல், காலில் வெறும் துணிக்கட்டோடு செல்டிக்குக்காக இரண்டு ஆட்டம் ஆடினார். ட்ரெய்னர் கீழே உட்கார்ந்து அவர் காலுக்குக் கட்டுப் போடுகிற போட்டோ இருக்கிறது. ஊர் ஞாபகம் தாங்காமல் திரும்பிப் போய்விட்டார். இரண்டு ஆட்டம் ஆடியவனை எப்படிச் சேர்ப்பது என்று பெரியவர் கேட்டார். அந்த போட்டோவை போனில் பெரிதாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தக் காலையே பார்த்தார். பிறகு கடைசி வரியில், சின்ன எழுத்தில் எழுதினார்.

நான் இந்த ஊருக்கு வந்து முதல் பனியில் வழுக்கி விழுந்த அன்று ராத்திரி, ஊருக்கே போய்விடலாமா என்று இருந்தது. அன்றைக்கு சலீமைப் பற்றி எனக்குத் தெரியாது.

நம்ம டீமுக்கு வருகிறேன். 1990க்கு முன்னால் ஆடியவர்கள் ஒருத்தர்கூட உங்கள் லிஸ்டில் இல்லையாமே. கமிட்டியில் இருக்கிறவர்களின் வயதைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். ஓட்டுக்கு விடாதீர்கள். கரையில் வலை முடைகிற பெரியவர்களிடம் ஒரு நோட்டோடு போய் உட்கார்ந்து, அவர்கள் பார்த்தவர்களை மட்டுமல்ல, அவர்கள் அப்பாமார் சொன்னவர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நம்ம அப்பாவை லெஃப்ட் பேக்காகப் போடவேண்டும் என்று நீ நிற்பாய். நான் ஓட்டுப் போடமாட்டேன். அவர் பந்தை மிதித்ததைவிட ஆளை மிதித்ததுதான் அதிகம் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். பெஞ்சில் போடு.

பணம் இந்த மாதம் பத்தாம் தேதி அனுப்புகிறேன். மகனுக்குப் பச்சை வெள்ளைப் பட்டை ஜெர்சி ஒன்று பார்சலில் வருகிறது, ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்கினேன். முதுகில் 7 மட்டும் போடச் சொன்னேன், பெயர் போடவில்லை. ஜான்ஸ்டனும் லார்சனும் அதே நம்பர்தான்.

அன்புத் தம்பி