நான்கு கட்டையில் ஒரு நன்றி மடல்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கல்லல், மானாமதுரையில் இருக்கும் என் சொந்தங்களுக்கு,

வணக்கம். மாசி மாதத்துச் சனிக்கிழமை இரவு, கானாடுகாத்தான் வீட்டின் உள்முற்றத்து வளவில் நான் மைக் இல்லாமல் பாடி ஒரு மாதம் ஆகிறது. நன்றியை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்ததும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து குலவை போட்டீர்கள். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று தொண்டையில் நின்றுபோனதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

40 ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுகிறேன். மாரியம்மன் கோயில் முளைப்பாரியில் அம்மா பக்கத்தில் நின்று கும்மி அடித்துக்கொண்டு பாடியதுதான் ஆரம்பம். பத்தொன்பது வயதில் மெல்லிசைக் குழுவுக்குப் போனேன். நானே பாட்டுக் கட்டினேன். மழை மேல், அம்மன் மேல், சிங்கப்பூருக்குச் சம்பாதிக்கப் போன அண்ணன் மேல் எல்லாம் எழுதினேன். கேசட் வந்த காலத்தில் அவை பேருந்துகளிலும் டீக்கடைகளிலும் ஓடின. முதலில் தவிலும் ஆர்மோனியமும் கூட இருந்தன. பிறகு கீபோர்டு வந்தது, ரிதம் பேட் வந்தது, கடைசியில் வாத்தியக்காரர்களே இல்லாமல், முன்பே பதிவு செய்த இசை ஓடும் ட்ராக் மட்டும் வந்தது. அந்த ட்ராக் எல்லாம் என் இளம் வயதுக் குரலுக்கு, ஐந்தரைக் கட்டையில் போட்டவை. கட்டை என்பது சுருதியின் அளவு, எண் ஏற ஏறக் குரலும் ஏற வேண்டும். எனக்கு வயதானது. ட்ராக்குக்கு ஆகவில்லை. எட்டாத இடத்தை எட்டிப் பிடிக்க ஒவ்வொரு மேடையிலும் கத்தினேன். எக்கோவை ஏற்றி வைத்தால் அந்தக் கத்தல் வெளியே தெரியாது. தொண்டைக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குரல் அடைத்துக்கொண்டது. குரல்நாணில் முடிச்சு விழுந்திருப்பதாக மதுரையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்னார். ஆறு வாரம் பேசவே கூடாது, கிசுகிசுவென்று பேசினால் தொண்டைக்கு இன்னும் கேடு என்று எழுதியே கொடுத்தார். முதல் நன்றி அவருக்கு. அந்த ஆறு வாரமும் நான் எழுதிக் காட்டிய சீட்டுகளைப் படித்து வீட்டை நடத்திய என் மகளுக்கு அடுத்த நன்றி.

குரல் பாதி திரும்பிய சமயத்தில் ஒரு திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். "பழைய பதிவைப் போட்டுவிடுறோம், நீங்க வாயசைச்சாப் போதும்" என்றார்கள். கடன் இருந்தது, போனேன். முப்பது வயதில் பாடிய என் குரல் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருக்க, அறுபதைத் தாண்டிய நான் மேடையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை என் வாயையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அழுதேன். இனி ட்ராக் வேண்டாம் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

முடிவு செய்ததோடு சரி. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உங்களால்தான்.

ஆர்மோனிய அண்ணனுக்கு. புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் பின்பாட்டுப் பாடியவர் நீங்கள். கதாநாயகனாக வரும் ராஜபார்ட்டுக்கு மூச்சு வாங்கினால் அந்த அடியை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவர் சுதாரித்துத் திரும்பும் வரை தாங்கிப் பிடிப்பீர்கள். என்னையும் அப்படித்தான் தாங்கினீர்கள். பெட்டியைத் திறந்து, "எந்தக் கட்டைன்னு நான் சொல்ல மாட்டேன், நீ பேசு" என்றீர்கள். நான் பேசப் பேச, என் பேச்சுக்குப் பக்கத்தில் உங்கள் விரல் தேடிக்கொண்டே வந்து நின்றது நான்கு கட்டை. "இதுதாம்மா இப்ப உன் வீடு" என்றீர்கள். எனக்கு அது தோற்றுப்போனது போல இருந்தது. பெண் குரல் நான்கில் பாடினால் எடுபடாது என்று காலமெல்லாம் கேட்டு வளர்ந்தவள். மூன்று மாதம் பாடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, ஐந்தரையில் நான் எழுத்துகளை விழுங்கியிருக்கிறேன் என்று. நான்கில் ழகரம் ழகரமாக வருகிறது. நானே எழுதிய வரி முதல் தடவையாக என் காதில் முழுசாக விழுந்தது.

மானாமதுரைக் குயவர் வீட்டுக்கு. கடத்துக்குச் சுருதி பிறவியிலேயே அமைவது. சுட்டு எடுத்த பிறகு பானையை நம் குரலுக்குப் பெரிதாக மாற்ற முடியாது, நம் குரலுக்கு ஒரு பானையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். நான்கு கட்டைக்குக் கடம் கேட்டு வந்தபோது அண்ணி கூடத்தில் வரிசையாக அடுக்கியிருந்த கடங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஆர்மோனிய அண்ணன் சுருதி பிடித்துக்கொண்டு நின்றார். பதினேழாவது பானை சேர்ந்தது. மானாமதுரைக் கடம் கனமானது, சுவர் தடித்தது, வாசிக்கிறவருக்கு விரல் நோகும். நாதம் மட்டும் வெண்கலம் போலக் கணீர் என்று வரும். விலையைக் குறைத்துக்கொண்டதற்காக நன்றி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பதினாறு பானையையும் பொறுமையாகத் தட்டிக் காட்டினீர்களே, அதற்கு.

இனி சொல்லப்போவதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

கல்லல் பக்கத்துக் கிராமத்து நடவு அக்காமார்களே, உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. நம் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகாத வருடம் புழுதி விதைப்புத்தான், நடவு கிடையாது. போன வருடம் கண்மாய் பெருகியது என்று கேள்விப்பட்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். உங்களிடம் பழைய நடவுப் பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொள்வது என் திட்டம். நீங்களோ, "நீதான் பாட்டுக்காரியாச்சே, ஒன் பாட்டைப் பாடு, நாங்க பின்னால சொல்றோம்" என்றீர்கள். பழைய கேசட்டில் பேர் வாங்கிய மழைப் பாட்டை வரப்பில் நின்று எடுத்துக் கொடுத்தேன்.

"வானம் பார்த்த பூமியிலே வந்து நின்ற மேகமே நீ
வாசல் தொட்டுப் போவதென்ன சொல்லு"

இரண்டாவது அடி முடியும் முன்பே உங்கள் சத்தம் நின்றுவிட்டது. கூட்டத்தில் மூத்தவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏத்தா, நீ நின்னுக்கிட்டுப் பாடுறே. நாங்க குனிஞ்சுக்கிட்டுப் பாடணும். வயிறு மடங்கிக் கெடக்கையில இம்புட்டு நீளத்துக்கு மூச்சு ஏது? ஒரு முடி நாத்து ஊன்றதுக்குள்ள அடி முடியணும்."

சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டுப் பார்த்தேன். என் பாட்டை என்னாலேயே பாட முடியவில்லை. அப்போது நீங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சேர்ந்து அந்த அடியை இப்படி ஆக்கினீர்கள்:

"வானம் பாத்த பூமி – அங்க
வந்த மேகம் சாமி"

அவ்வளவுதான். நான் இரண்டு அடியில் சொல்ல நினைத்தது எல்லாம் அதில் இருந்தது. கேள்வி போய் வேண்டுதல் வந்திருந்தது. "சாமி" என்ற இடத்தில் எல்லார் கையும் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்கியது. 25 வருடம் மேடையில் பாடிய பாட்டு, அன்றைக்குத்தான் முடிந்தது என்று சொல்வேன். அதை இனிமேல் என் பாட்டு என்று மட்டும் சொல்ல மாட்டேன். பாடும் இடத்திலெல்லாம் உங்கள் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் எடுக்கிறேன். அது வழியாக வரும் காசில் உங்கள் பங்கை ஒவ்வொரு அறுப்புக்கும் கொண்டுவந்து கொடுப்பேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சங்கீதத்துக்குப் பேர் போன மண் நம்முடையது. 1952இல் முதல் முதலாக சங்கீத நாடக அகாடமி விருது கொடுத்தபோது வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும், வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயரும் வாங்கினார்கள். தமிழில் பாட மேடை வேண்டும் என்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை அமைத்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கானாடுகாத்தான்காரர். அதே சீமையில், அதே காலத்தில், வயல் சேற்றில் பாடிய பெண்களின் பேர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. பிற்காலத்தில் சிவகங்கைச் சீமையில் அப்படிப் பேர் தெரிய வந்தவர் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அம்மா. நின்ற இடத்தில் பாட்டுக் கட்டியவர். 2025 ஜூனில் அவர் மறைந்தபோது நான் இன்னும் சன்னக் குரலில்தான் பாடிக்கொண்டிருந்தேன். அன்று இரவு அவருக்காக வீட்டுக்குள் ஓர் ஒப்பாரி பாடினேன். அவருக்கும் என் நன்றி.

பள்ளத்தூர் ஆச்சிக்கு. எண்பத்தெட்டு வயதில், காது மந்தமான பிறகும், உங்கள் ஆயா (பாட்டி) பாடிய தாலாட்டை மூன்று மத்தியானங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, கப்பலேறிப் போன அப்பச்சி (அப்பா) எந்தெந்த ஊரில் இறங்கினார் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே போகும் பாட்டு அது. ரங்கூன், மோல்மேன், பினாங்கு என்று ஊர்ப் பேர் வரும் இடமெல்லாம் தொட்டில் ஒரு ஆட்டம் ஆடும். பிள்ளை தூங்க வேண்டும் என்று மட்டும் அந்த ஆயா பாடவில்லை. வருடக்கணக்கில் திரும்பாத மனிதரைத் தன் மனதில் தானே ஊர் ஊராகத் தேடிக்கொண்டு போயிருக்கிறார். அதை நீங்கள் எனக்கு விளக்கவில்லை. "பினாங்கு" என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினீர்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் சாப்பிட்ட பிறகுதான் பாட்டு என்று கட்டளை போட்டதையும் நான் மறக்கவில்லை.

வீட்டைக் கொடுத்த குடும்பத்துக்கு. வெளியூரிலிருந்து வந்து பூட்டைத் திறந்து, நான்கு நாள் கூட்டிக் கழுவிக் கொடுத்தீர்கள். ஒத்திகைக்கு வந்த அன்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி போல இருக்கிறது, கீழே ஆத்தங்குடிக் கல். கடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நாலு தட்டாகத் திரும்புகிறது. சொல் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குழம்புகிறது. எக்கோவை விட்டு ஓடி வந்தவளுக்கு வீடே எக்கோவாக நின்றது. அப்போதும் வழி சொன்னவர் பள்ளத்தூர் ஆச்சிதான். பெட்டகத்திலிருந்து பழைய கண்டாங்கிச் சேலைகளை எடுத்து வந்து, எதிர்த் தாழ்வாரத்தின் தூணுக்குத் தூண் கயிறு கட்டி, அரக்கும் மஞ்சளுமாகத் தொங்கவிடச் சொன்னார். தரைக்கு ஜமுக்காளம் விரித்தோம். முற்றத்தைப் பார்த்து என்னை உட்கார வைத்தார்கள். கெட்டியான அந்தப் பருத்திச் சேலைகள் திரும்பி வரும் சத்தத்தை வாங்கிக்கொண்டன, மிச்சம் முற்றத்து வழியே மேலே போனது. பிறகு நீங்கள் நூற்றிருபது பேர் வந்து உட்கார்ந்ததும் கடைசித் தூணோரம் இருந்தவருக்கும் சொல் தெளிவாகக் கேட்டது என்றீர்கள்.

உடுக்கையும் கஞ்சிராவும் வாசித்த தம்பிகளுக்கு, சம்பளம் பேசாமல் வந்ததற்கு. எழுபது பேருக்கு நினைத்துச் சமைத்து நூற்றிருபது பேருக்குப் பரிமாறி, கவுனி அரிசியில் யாருக்கும் குறை வைக்காத சமையல் ஐயாவுக்கு. இருட்டில் வண்டிகளுக்கு வழி காட்டிய பிள்ளைகளுக்கு. எல்லாருக்கும் என் வணக்கம்.

இன்னும் ஒரு வீடு இருக்கிறது. அவர்களுக்கு என்னைத் தெரியாது. அடுத்த தெருவில் அன்றைக்கு ஒரு பெண்பிள்ளைக்குப் பூப்புச் சடங்கு. காலையிலிருந்து மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு நான் தொண்டையைச் செருமியபோதும் அது ஓயவில்லை. என் மகள் போய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள், நான் வேண்டாம் என்றேன். அவர்கள் வீட்டு நல்ல காரியம், அதை நிறுத்தச் சொல்ல நாம் யார்? என் சொல்லைக் கேட்காமல் போனாள். பெண்ணின் தாய்மாமன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு மணி நேரம் நிறுத்தினா எங்க பிள்ளைக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது" என்று தானே போய் அணைத்தாராம். தெருவே அடங்கியது. அந்த நிசப்தம் வந்து விழுந்த கணத்தில்தான் நான் முதல் அடியை எடுத்தேன். ஒன்பதரைக்கு அந்தச் சடங்குப் பிள்ளையும் பட்டுப்பாவாடையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடவுப் பாட்டுக்கு அவளும் "சாமி" சொன்னாள். தாயி, நீ நல்லா இருக்கணும். உனக்கு என்று ஒரு நலுங்குப் பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பு, ஆர்மோனிய அண்ணனோடு வந்து பாடுகிறேன்.

ஆச்சி, தாலாட்டு எழுதிய உங்கள் நோட்டு என்னிடம்தான் பத்திரமாக இருக்கிறது. ஓரம் மடங்கிய தாள்களுக்கு மகள் உறை போட்டிருக்கிறாள். கண்டாங்கிச் சேலைகளையும் துவைத்து வெயில் படாமல் உலர்த்தி மடித்து வைத்திருக்கிறோம். சித்திரை பிறந்ததும் எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன். தாலாட்டில் "மோல்மேன்" வரும் அடிக்கு அடுத்த அடி எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. இன்னொரு மத்தியானம் சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டுக்காரி