எனக்குப் பதிலாக அங்கே நின்றவர்களுக்கு

வணக்கம்.

108 ஆம்புலன்ஸ் சேவையின் சென்னை கட்டுப்பாட்டு அறையில் முதலில் அழைப்பு எடுப்பவளாகவும், பிறகு வண்டி அனுப்பும் பிரிவிலும் வேலை பார்த்துவிட்டுச் சமீபத்தில் விடைபெற்றேன். கூட வேலை செய்தவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது, சால்வையும் கேக்குமாக. இந்த மடல் நான் முகம் பார்க்காதவர்களுக்கு. பெயர் தெரிந்தாலும் எழுதப்போவதில்லை. படிக்கும்போது 'அட, இது நாமதானே' என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008 செப்டம்பரில் வந்தது. நாகர்கோவிலில் இருந்து கூப்பிட்டாலும் கிருஷ்ணகிரியில் இருந்து கூப்பிட்டாலும் போன் அடித்தது எங்கள் சென்னை அறையில்தான். பலருக்கு இது தெரியாது. "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, பிள்ளையார் கோயில் சந்து, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு? திரும்பக் கூப்பிட்டு மாவட்டம், தாலுகா கேட்டால் வசவு விழும். "ஆளு சாகக் கிடக்கான், உனக்குத் தாலுகா வேணுமா?" அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மாநிலத்தில் எத்தனை புதூர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். திட்டு வாங்கிக்கொண்டே, குரல் மாறாமல், "சொல்லுங்கய்யா, எந்த மாவட்டம்?" என்று மறுபடி கேட்க வேண்டும். அந்த வேலையில் எனக்குக் கடினமாக இருந்தது இதுதான். ரத்தம், விபத்து எல்லாம் அதற்கப்புறம்தான்.

அதனால் முதல் நன்றி, போனைப் பிடுங்கி நிதானமாக வழி சொன்னவர்களுக்கு. எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். பின்னால் அழுகையும் கூச்சலும் கேட்கும். நடுவில் ஒரு குரல், "குடுப்பா இங்க" என்று வாங்கி, மாவட்டத்தில் தொடங்கி தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வரிசையாகச் சொல்லும். அப்புறம், "நான் மெயின் ரோட்டுக்கு வந்து நிக்கிறேன், டார்ச் அடிக்கிறேன்" என்று சொல்லும். விளக்கில்லாத கிராமத்துத் திருப்பங்களில் அந்த டார்ச் வெளிச்சம் எத்தனை நிமிடங்களை மிச்சம் பிடித்தது என்று பைலட்டுகளைக் கேட்டால் தெரியும். (ஆம்புலன்ஸ் ஓட்டுநரை நாங்கள் பைலட் என்றுதான் கூப்பிடுவோம்.)

திண்டுக்கல் பக்கம் நான்குவழிச் சாலையில் ஒரு விபத்து. ஓடும் பஸ்ஸில் இருந்து பார்த்த ஒருவர் கூப்பிட்டார். தாண்டி வந்துவிட்டார், எந்த இடம் என்று சொல்லத் தெரியவில்லை. பஸ் கண்டக்டர் போனை வாங்கி, எந்த டோல்கேட்டைத் தாண்டி, எந்தப் பாலத்துக்கு முன்னால், சாலையின் எந்தப் பக்கம் என்று சொல்லி முடித்தார். அண்ணே, நீங்கள் அன்றைக்குச் செய்தது எங்கள் வேலை. அதற்குச் சம்பளம் வாங்கியது நான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விபத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, பெயர் கேட்டதும் போனை வைத்துவிடுபவர்கள் நிறைய. போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்கிற பயம். உதவி செய்தவரைப் பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016-லேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதற்கென்று 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம் என்றால் பரவாயில்லை, இடத்தை மட்டும் முழுசாகச் சொல்லுங்கள். அந்தப் பயத்தோடும் லைனில் நின்றவர்களுக்கு என் கும்பிடு.

அடுத்தது, மாமனார் கூடத்தில் சுருண்டு விழுந்ததும் கூப்பிட்ட அந்தத் தங்கைக்கு. வீட்டில் வேறு யாரும் இல்லை, இடுப்பில் கைக்குழந்தை. மூச்சு இல்லை என்று நீ சொன்னதும் எங்கள் அறையில் இருந்த டாக்டரும் லைனுக்கு வந்தார். குழந்தையைக் கீழே விடு, போனை ஸ்பீக்கரில் போடு, நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்து என்றோம். நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை அழுத்த வேண்டும், பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது நெஞ்சு உள்ளே போக வேண்டும். தொடவே கூச்சப்படுகிற உறவு அது. எலும்பு உடைந்துவிடுமோ என்று ஒரே ஒருமுறை கேட்டாய். அப்புறம் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தாய், குழந்தை அழுதுகொண்டே இருந்தது. வண்டி வந்தது, கதவு திறந்த சத்தம் கேட்டது, லைன் துண்டானது. அடுத்த அழைப்பு ஏற்கெனவே காத்திருந்தது. பெரியவர் பிழைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்படி முடிந்திருந்தாலும் சரி, நீ செய்ய வேண்டியதைச் செய்தாய் என்று அன்றைக்குச் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

இப்படி முடிவு தெரியாத கதைகள்தான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். அதனால், பேரன் பிறந்ததைச் சொல்வதற்கென்றே மறுநாள் 108-க்குக் கூப்பிட்ட அரியலூர்ப் பாட்டிக்குத் தனி நன்றி. அவசர லைனை இப்படி அடைக்கக் கூடாது என்று நான் கண்டித்திருக்க வேண்டும். எடை எவ்வளவு என்று கேட்டேன்.

கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. சென்னையில் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன, உள்ளே ஆக்ஸிஜனோடு நோயாளிகள். படுக்கை கிடைத்தால்தான் வண்டி காலியாகும், வண்டி காலியானால்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்ப முடியும். திரையில் எல்லா வண்டியும் தெரியும், அனுப்ப ஒன்றும் இருக்காது. "இதோ வருது" என்று பொய் சொல்லாமல், "வராது" என்றும் சொல்லாமல் பேச வேண்டியிருந்தது. அந்த நாட்களில் தங்கள் காரையும் ஆட்டோவையும் நோயாளிகளுக்காக ஓட்டியவர்களுக்கு, பி.பி.இ. உடுப்புக்குள் வேர்த்து ஊறியபடி வாசலில் பல மணி நேரம் காத்துக் கிடந்த பைலட்டுகளுக்கு, வண்டிக்குள் முதலுதவி செய்யும் ஈ.எம்.டி.களுக்கு, எத்தனை முறை சொன்னாலும் போதாது. கடைசியில், "பரவால்லம்மா, நீங்க என்ன செய்வீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தவர்களை என்ன செய்து மறப்பது?

2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடிப் பக்கம் எங்கள் வண்டி போக முடியாத தெருக்களுக்குள் படகு கொண்டுபோன மீனவர்களுக்கும், ரோடில்லாத மலைக் கிராமங்களில் டோலி கட்டிக் கர்ப்பிணிகளை வண்டி நிற்கும் இடம்வரை தூக்கிவந்தவர்களுக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் போனை எடுத்த கிராம சுகாதார செவிலியர் அக்காக்களுக்கும் நன்றி.

"சும்மா வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்று கூப்பிட்டவர்களுக்கு நன்றி கிடையாது.

கடைசியாக வீட்டுக்கு. ஷிப்ட் முடிந்து வந்தால் போன் மணி கேட்டாலே நெஞ்சு படபடக்கும். அதற்காக வீட்டில் எல்லோரும் தங்கள் போனை வைப்ரேஷனில் போட்டுக்கொண்டார்கள், ஒருவரும் குறை சொன்னதில்லை. இனிமேல் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஊரில் இருக்கும் அம்மாவுக்குத்தான் எப்படி மாற்றுவது என்று தெரியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை போய் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

நன்றியுடன்,
108-ன் முன்னாள் ஊழியை,
சென்னை