ஊர் பேர் இல்லாத வீடியோவும் ஊர் பேர் போட்ட தலைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் பொய்ச்செய்தி பற்றி வந்த தலையங்கத்தைப் படித்தேன். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள், பத்திரிகையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று முடித்திருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். பதினாறு மெஷின். ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் நாலு பேரும் பீகார் பையன்கள். 2023 மார்ச் முதல் வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இளையவன் டிபன் டப்பாவைத் திறக்காமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா கண்ணு?" என்றேன். போனை என் பக்கம் திருப்பினான். நடுரோட்டில் ஒரு ஆளை வெட்டுகிறார்கள். கீழே இந்தியில் எழுத்து ஓடுகிறது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள் என்று அப்போது சுற்றிய வீடியோக்களில் அது ஒன்று.

"அக்கா, இது தமிழ்நாடுன்னு சொல்றாங்க. அம்மா காலையிலேர்ந்து அழுவுது. ஊருக்கு வந்துருங்குது."

"மூணு வருஷமா இங்கதான இருக்கற? உனக்கு யாராச்சும் ஏதாச்சும் பண்ணுனாங்களா?"

"இல்லக்கா. ஆனா அப்பா பேப்பர்லயே பாத்தாராம்."

அந்தக் கடைசி வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. வீடியோ என்றால் பொய் என்று சொல்லிவிடலாம். பேப்பரில் வந்தது பொய் என்று ஒரு தகப்பனுக்கு நான் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு இரண்டு பேர் ரயிலேறிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் திரும்பி வரவே இல்லை.

பிறகு தெரிந்தது எல்லாம் ஊருக்கே தெரியும். அப்போது தமிழக போலீசின் தலைவராக, டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, பரவிய இரண்டு வீடியோக்களும் பொய்யாகத் திரிக்கப்பட்டவை என்றார். ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவரின் தகராறு. ராஜஸ்தானில் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சியைக்கூடத் தமிழ்நாடு என்று சொல்லிப் பரப்பியிருந்தார்கள். அடிபட்டவர்கள் போலக் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் பேசிய வீடியோ, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது என்று பீகார் போலீசே சொன்னது. பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. இந்தியில் பெரிதாக விற்கும் ஒரு நாளிதழின் ஆசிரியர் மீதும் இங்கே வழக்குப் பதிவானது.

எனக்கு இன்னும் ஆறாதது, அப்போது பரவிய எங்கள் ஊர் ரயில் நிலையப் படம்தான். மூட்டை முடிச்சோடு கூட்டம் கூட்டமாக நின்றது உண்மை. அந்த வருஷம் ஹோலி மார்ச் 8. ஹோலிக்கு முந்தின வாரம் வருஷா வருஷம் எங்கள் ஸ்டேஷனில் இதே கூட்டம் நிற்கும், நாங்களும் அதற்குத் தகுந்த மாதிரிதான் ஆர்டர் எடுப்போம். ஆனால் அந்த ஒரு வருஷம் மட்டும் அதே கூட்டத்துக்கு 'உயிருக்குப் பயந்து ஓட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். படத்தில் யாரும் கை வைக்கவில்லை. கீழே இருந்த ஒரு வரி போதுமாக இருந்தது. என் ஊரில் எடுத்த படம் என்பதால் எனக்குத் தெரிந்தது. ஜார்க்கண்டிலோ மணிப்பூரிலோ எடுத்த படத்துக்குக் கீழே என்ன வரி போட்டாலும் நானும் நம்பத்தானே செய்வேன்?

வடக்கே இருக்கிற பத்திரிகைகளை மட்டும் குறை சொல்லிவிட்டு நிறுத்த என் மனசு ஒப்பவில்லை. அதே வருஷம் ஜனவரியில் 'வடமாநிலத்தவர் தமிழர்களை விரட்டி விரட்டி அடிக்கிறார்கள்' என்று திருப்பூர் வீடியோ ஒன்று சுற்றியதே, நினைவிருக்கிறதா? டீக்கடையில் சிகரெட் புகையால் வந்த வாய்த்தகராறு முற்றிய கதை அது. நடந்தது பொங்கல் சமயத்தில், பரவியது இரண்டு வாரம் கழித்து. நம் டிவிகள் அதை நாள் முழுக்க ஓட்டின. நானும் எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் அனுப்பினேன். எந்தத் தெரு, என்றைக்கு நடந்தது என்று ஒரு நிமிஷம் விசாரித்திருக்கலாம். அந்த இடம் என் வீட்டிலிருந்து ரொம்ப தூரமும் இல்லை. விசாரிக்காமல் அனுப்பியது என் தப்பு.

அன்றிலிருந்து பேப்பர் படிக்கும்போது தலைப்பைத் தனியாக ஒருமுறை படிக்கிறேன். செயின் பறித்தவன் உள்ளூர்க்காரன் என்றால் 'வாலிபர் கைது'. வெளியூர்க்காரன் என்றால் 'வடமாநில வாலிபர் கைது'. குற்றம் ஒன்றுதான், ஊர் மட்டும் ஒருவனுக்குத் தலைப்பில் ஏறுகிறது. இதை உங்கள் பத்திரிகையிலும் பார்த்திருக்கிறேன். யாரும் வேண்டுமென்று செய்வதாக நினைக்கவில்லை, ஆனால் பத்து நாள் தொடர்ந்து படிக்கிறவர் மனதில் என்ன படியும்? 'கூறப்படுகிறது' என்ற சொல்லும் அப்படித்தான். கூறியவர் போலீசா, பக்கத்து வீட்டுக்காரரா, டிவிக்காரரா? அந்தப் பெயர் இல்லாத செய்தியை இப்போதெல்லாம் நான் பாதிதான் நம்புகிறேன், மறுநாள் இன்னொரு பேப்பரையும் பார்க்கிறேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். வீடியோவிலிருந்து படம் எடுத்துப் போட்டால், எங்கே, என்றைக்கு எடுத்தது, யார் உறுதி செய்தது என்று படத்துக்கு அடியிலேயே போடுங்கள். தெரியாவிட்டால் படமே வேண்டாம். தவறு வந்துவிட்டால் திருத்தத்தை உரிய முக்கியத்துவத்துடன் உடனே வெளியிட வேண்டும் என்று பத்திரிகைகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையே சொல்கிறது. அந்த கவுன்சிலுக்குக் கண்டிக்கத்தான் அதிகாரம் உண்டு, தண்டிக்க முடியாது, டிவி அதன் கீழ் வரவும் வராது. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன். முதல் பக்கத்தில் வந்த தப்புக்கு முதல் பக்கத்திலேயே திருத்தம் போடுங்கள்.

அன்று போனைக் காட்டிய அந்த இளைய பையன் ஊருக்குப் போகாமல் இங்கேயே நின்றுவிட்டான். அவன் அப்பா படிக்கும் பேப்பரில் மறுப்பு எதுவும் வந்ததா என்று ஒருநாள் கேட்டேன். "அப்பா பாக்கலையாம் அக்கா" என்றான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.