எனக்காகப் பேசியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பாளையங்கோட்டை

மதிப்பிற்குரிய அக்காமார்களுக்கும், என்னை ஆர்ட்டிகிளாக, அதாவது தணிக்கை பழகும் பயிற்சியாளராக, ஏற்றுக்கொண்ட ஆடிட்டர் ஐயா அவர்களுக்கும், அம்பாசமுத்திரத்து அத்தைக்கும் வணக்கம்.

சி.ஏ. என்னும் பட்டயக் கணக்காளர் படிப்பின் இறுதித் தேர்வில் இரண்டு குரூப்பும் (தாள் தொகுதியும்) தேறி, உறுப்பினர் எண்ணும் கைக்கு வந்துவிட்ட இந்த வேளையில், வாழ்த்த வருகிறவர்கள் எல்லோரும் என் உழைப்பைப் பற்றியே பேசுகிறார்கள். உழைத்தது உண்மைதான். ஆனால் என்னைவிட நன்றாகப் படித்த தோழியர் சிலர் இந்தப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு நீங்கள் கிடைத்தீர்கள், அவர்களுக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. இதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றே பொதுவில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டைக்கு 1895-லேயே சாரா டக்கர் கல்லூரி வந்துவிட்டது. பட்டம் பெற்ற பெண்களுக்கு நம் சீமையில் ஒருநாளும் குறைவில்லை. பட்டத்துக்குப் பிறகு எந்த ஆடிட்டரிடம் சேர்ந்தால் வேலை பழகலாம், எங்கே வெறும் தட்டச்சு வேலையோடு நிறுத்திவிடுவார்கள் என்ற விவரம் ஆண்பிள்ளைகளுக்கு ஜங்ஷன் டீக்கடையிலும் ஊர்க் கோயில் கொடை விழாவிலும் தேடாமலே வந்து சேருகிறது. பெண்பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. தன் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் கூட்டிவைத்த வண்ணார்பேட்டை அக்கா அந்தக் குறையைத்தான் தீர்த்தார். அங்கே ஆடிட்டர்கள் இருந்தார்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள், வணிக வரித்துறையில் ஓய்வுபெற்ற ஓர் அம்மாவும் இருந்தார். பேச்சு பெரும்பாலும் வேலையைப் பற்றியதாகவே இருக்கும்.

நான் முதலில் சேர்ந்திருந்த அலுவலகத்தில் மார்ச் முடிந்ததும் ஆண் ஆர்ட்டிகிள்கள் வங்கிக் கிளைத் தணிக்கைக்கு வெளியூர் புறப்படுவார்கள்; வவுச்சர் சரிபார்ப்பதும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவதும் எங்களுக்கு மிஞ்சும். பாதுகாப்புக் கருதி என்றார்கள், கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆயினும் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோன கடன் வாராக்கடன் ஆகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கிளை மேலாளர் எதிரே உட்கார்ந்து அந்தக் கணக்கை ஏன் இன்னும் நல்ல கணக்காகக் காட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பது வேறு. அந்தக் கேள்வியை ஒருமுறையும் கேட்டுப் பழகாதவள் தேர்வில் தேறினாலும் தொழிலில் பின்தங்கியே நிற்பாள். 1.7.2023 முதல் சேர்கிறவர்களுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டதால், இப்போது ஒரு பெண் இழக்கும் ஒவ்வோர் ஏப்ரலும் முன்னைவிடப் பெரிய இழப்பு.

அக்கா எனக்கு ஆறுதல் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தானே ஆடிட்டர் ஐயாவிடம் போய், இந்தப் பிள்ளையை வெளியூர் ஆடிட்டுக்கு அனுப்புவதானால் மட்டும் இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஐயாவும் தயங்காமல் என் மாறுதல் படிவத்தில் கையெழுத்திட்டு, முதல் வேலையாகவே கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலை ஒன்றில் சரக்கிருப்பு எண்ணுவதற்கு அனுப்பினார்கள். இரவு தங்க அக்காவின் சொந்தக்காரர் வீடு, காலையில் ஆலை வாசல் வரை துணை, என் அப்பாவுக்கு முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பு என்று எல்லா ஏற்பாடும் நடந்திருந்தது. யோசனை சொல்கிறவர்கள் எங்கும் கிடைப்பார்கள். நாம் இல்லாத இடத்தில் நமக்காகத் தன் பெயரை வைத்துப் பேசுகிறவர்கள் அரிது.

அந்த மாடியில்தான் ஆர். சிவபோகம் அம்மையாரைப் பற்றி முதன்முதலாகக் கேட்டேன். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அவர் 1933-ல் தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்குத் தணிக்கையாளர் ஆனார். சிறை சென்றவர் என்பதைக் காட்டிப் பதிவுக்கு வந்த தடையை வழக்காடியே நீக்கினார். அவருக்கும் பெண்கல்விக்கு உழைத்த சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் ஆதரவு இருந்தது, தொழில் பழக்கிய ஓர் ஆடிட்டர் இருந்தார். அவ்வளவு துணிச்சல்காரருக்கே ஆள் துணை வேண்டியிருந்தது என்று அறிந்த பிறகு, உதவி கேட்க எனக்கு இருந்த கூச்சம் போய்விட்டது.

திருமணமும் குழந்தையும் ஆனபின் மறுபடி புத்தகத்தைத் தொட்டபோது, என் விடைத்தாள்களைத் திருத்தித் தந்த சென்னை அக்காவுக்கு நான் பட்ட கடன் தனி. தேர்வில் முதல் தாள் சரியாக வரவில்லை என்று நான் அழைத்த அன்று, மீதித் தாள்களை எழுதாமல் ஊர் திரும்பாதே என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஒரு குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியவருக்கு மட்டுமே, 60 மதிப்பெண் வாங்கிய தாளுக்கு அடுத்த மூன்று தேர்வுகளில் விலக்கு, அதாவது அதை மறுபடி எழுத வேண்டாம் என்ற சலுகை, உண்டு. எனக்கு இரண்டு தாள்களில் அது கிடைத்தது. அத்தையோ, பேரனைத் தன்னோடு அம்பாசமுத்திரத்துக்கே கூட்டிக்கொண்டு போய், அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னார்கள். வேலைக்கான நேர்காணல்களுக்கு முன்னால் சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்று ஒளிக்காமல் தங்கள் சம்பளத்தையே சொன்ன இரு தோழியருக்கும் இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் தங்கைமாருக்கு ஒன்று. பெரிய மனிதர் ஒருவரைத் தேடிக் காத்திருக்க வேண்டாம். எனக்கு உதவிய ஒவ்வொருவரும் ஒரே ஒரு காரியத்தில்தான் உதவினார்கள். கேட்கும்போது, வழிகாட்டுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் வாழ்த்துத்தான் கிடைக்கும். இந்தத் தாளைத் திருத்தித் தர முடியுமா, இந்த அலுவலகத்தில் பெண்களை ஆடிட்டுக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

சொந்தமாகத் தணிக்கைத் தொழில் நடத்துவதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் அலுவலகம் திறந்து, விதிப்படி எனக்கு ஆர்ட்டிகிள் எடுக்கும் தகுதி வந்ததும், முதல் இடம் வண்ணார்பேட்டை அக்கா அனுப்பும் பெண்ணுக்கு. வெளியூர் ஆடிட்டுக்கு அவளை அனுப்புவேன் என்பதை அவள் வீட்டாரிடம் நானே நேரில் வந்து சொல்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாடியில் படித்தவள்